பி.எம். 2.5 என்றால் யார்?

வாசகர் கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். நான் தில்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். வேதியியல் ஆசிரியை, வயது 43. எங்கள் அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. போகியன்று பழைய பாய், தலையணை, ரெக்ஸின் பை, உடைந்த பிளாஸ்டிக் சாமான் எல்லாவற்றையும் கீழே திடலில் கொட்டி எரிப்பது பல வருட வழக்கம். இந்த முறை வேண்டாம் என்று, காற்று மாசு பற்றி விவரமாகக் குழுவில் எழுதினேன். கேலி செய்தார்கள். 'படித்த திமிர்' என்றார்கள், 'நம் பண்டிகைக்கு எதிரி' என்றார்கள். அதே கட்டடத்தில் இருக்கும் என் சொந்த அண்ணன் அந்தப் பதிவுக்குக் கைதட்டல் போட்டார். சங்கக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது எரிக்கலாம் என்று 31 பேர், வேண்டாம் என்று 4 பேர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் வீட்டில் என்னைப் பார்த்து 'அறிவாளி வந்துவிட்டார்' என்கிறான். ஒரு கட்டடத்திலேயே இப்படி என்றால் நாடு எப்படி உருப்படும்? குறைந்தபட்சப் படிப்பும் ஒரு தேர்வும் வைத்துத்தான் வாக்குரிமை தர வேண்டும் என்று தோன்றுகிறது. குழுவிலிருந்து விலகிவிடலாமா? உரையாடலை இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள அம்மா,

கடிதத்தை ஒரு முறை படித்தேன். இணைத்திருந்த உரையாடலை மூன்று முறை படித்தேன். கடிதத்தில் உங்கள் மனத்தாங்கல் தெரிகிறது. நடந்தது என்ன என்பது உரையாடலில் இருக்கிறது. அதில் ஓர் இடம் வந்ததும் என் விரல் திரையை நகர்த்தாமல் நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வாக்குரிமைத் தேர்வை முடித்துவிடுவோம். அந்த ஆசை எனக்கும் இருந்தது.

1983-இல் தில்லியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கச் சேர்ந்தேன். வகுப்பில் வயதுவந்தோர் வாக்குரிமையைப் பற்றி உருக்கமாகப் பேசுவேன். மணி அடித்து ஆசிரியர் அறைக்கு வந்ததும், "கைநாட்டுக்கும் ஓர் ஓட்டு, நமக்கும் ஓர் ஓட்டு" என்று தேநீரை உறிஞ்சியபடி நண்பர்களிடம் அலுத்துக்கொள்வேன். இரண்டையும் பேசியது ஒரே வாய்தான்.

1996 மக்களவைத் தேர்தலில் யமுனைக்குக் கிழக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வாக்குச்சாவடிப் பணி. இயந்திரம் வராத காலம். சீட்டு, மைப்பெட்டி, ரப்பர் முத்திரை. பதினொரு மணி வாக்கில் ஓர் அம்மாள் மருமகளோடு வந்தார். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர், விழுப்புரம் பக்கத்து ஊர். என் பேச்சில் இருந்த தமிழ் வாடையைக் கண்டுபிடித்துவிட்டு, "தம்பி, இவளுக்கு இது முதல் ஓட்டு. சீட்டை எப்படி மடிப்பது என்று சொல்லிக் கொடு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே வெற்றுச் சீட்டை வாங்கி மடித்துக் காட்டத் தொடங்கிவிட்டார். முதலில் நெடுக்காக, அப்புறம் குறுக்கே. "குறுக்கே முதலில் மடித்தால் மை அடுத்தவன் சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும். உன் ஓட்டு யாருக்கு என்று எண்ணுகிறவன் குழம்புவான்." அந்த முத்திரையில் அம்புகள் சுழல்வது போன்ற வடிவம் இருப்பதற்குக் காரணமே அதுதான்: மை மறுபக்கம் ஒட்டினால் நகல் எதிர்த்திசையில் சுழலும், அசல் எது என்று தெரிந்துவிடும். எனக்கு அந்த விவரம் முந்தின நாள் பயிற்சியில்தான் தெரிந்தது. முனைவர் பட்டம் வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது.

அவர் யாருக்கு வாக்களித்தார், சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தன் வாக்கு வீணாகக் கூடாது என்று அவ்வளவு கவலைப்பட்ட ஒருவரை, தாளில் நாலு கேள்வி கொடுத்து வெளியே அனுப்பும் தேர்வை யார் தயாரிப்பது? அன்றைக்கு என்னைத் தயாரிக்கச் சொல்லியிருந்தால் தயாரித்திருப்பேன். அதுதான் அந்தத் தேர்வில் உள்ள ஆபத்து.

நம் ஆட்கள் மேடையேறினால் குடவோலை முறையை விடமாட்டார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு பராந்தக சோழன் காலத்தது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். பெருமைதான். ஆனால் குடத்தில் பெயர் போடுவதற்கு அங்கே என்ன தகுதி என்று படித்துப் பாருங்கள். கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. நீங்கள் கேட்கும் 'படித்தவர்களுக்கு மட்டும்' என்ற ஏற்பாடுதான் அது. அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி வரக் கூடாது. படித்த சான்றோர் மட்டுமே உட்கார்ந்த சபையில் கணக்குக் காட்டாதவர் ஒருவரும் இல்லையென்றால் அப்படி ஒரு விதியைக் கல்லில் வெட்டியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாக்காளருக்கு எழுத்தறிவுத் தேர்வு இருந்தது. அரசியலமைப்பின் ஒரு பிரிவை எடுத்துக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவர் வெள்ளை இனப் பதிவாளர். கறுப்பின ஆசிரியர்கள் தோற்றார்கள், அரைகுறையாகப் படித்த வெள்ளையர்கள் தேறினார்கள். 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதற்கு முடிவு பிறந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்து ஹரியானாவையே பாருங்கள். 2015-இல் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பதற்குப் பத்தாம் வகுப்பு என்று சட்டம் போட்டார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் கொஞ்சம் தளர்வு. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை மதிக்கிறேன், உடன்படவில்லை. நாடாளுமன்றத்துக்கு நிற்பவரிடம் கேட்காத சான்றிதழைக் கிராமத்துப் பெண்ணிடம் மட்டும் கேட்பது எந்த நியாயம்? அவளைப் பள்ளிக்கு அனுப்பாதது அரசும் குடும்பமும். தண்டனை மட்டும் அவளுக்கு.

1951-இல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். அந்த நாட்டில் சுமார் 17 கோடிப் பேரை வாக்காளராகப் பதிந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கணிதம் படித்தவர். படிக்காதவர்களைக் கழித்துவிட்டால் வேலை சுலபம் என்று அவர் கணக்குப் போடவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். எழுத்துத் தெரியாதவர் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். வடக்கே பல பெண்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று பதிந்திருந்தார்கள். பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். கடுமைதான். ஆனால் அவர் கேட்டது ஒருவருடைய பெயரை. படிப்பைக் கேட்கவில்லை.

ஆகவே தேர்வு யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் கவலையை விட்டுவிடச் சொல்லவில்லை. அது நியாயமான கவலை. ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன, அவற்றைப் பிரிக்க வேண்டும்.

ஒன்று, தெரியாமை. அது எல்லோரிடமும் இருக்கிறது, பெரும்பாலும் தீங்கும் இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இருவர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிப், பூட்டு, கழிப்பறைத் தொட்டி எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும், மதிப்பெண் போடுங்கள் என்றார்கள். எல்லோரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். சரி, படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றதும் பேனா நின்றது. மறுபடி மதிப்பெண் போடச் சொன்னபோது தாங்களே குறைத்துக்கொண்டார்கள். நானும் வீட்டில் முயன்றேன். கழிப்பறைத் தொட்டி வரை போகவில்லை, ஜிப்பிலேயே மாட்டிக்கொண்டேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கொந்தார்சே என்ற பிரெஞ்சுக் கணிதர் ஒரு கணக்குப் போட்டார். ஒவ்வொருவரும் சரியாகத் தீர்மானிக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேலே இருந்தால் போதும். கூட்டம் பெருகப் பெருகப் பெரும்பான்மை சரியான பக்கம் போய்ச் சேரும். தப்புகள் நாலாபக்கமும் சிதறி ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். எல்லோரும் ஒரே வதந்தியைக் கேட்டுவிட்டு வந்தால் ஆயிரம் பேரின் வாக்கும் ஒருவரின் வாக்குதான். வாய்ப்பு பாதிக்குக் கீழே போய்விட்டால், அதே கணக்கு கூட்டத்தைத் தப்பான பக்கத்துக்கு நிச்சயமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தெரியாமை சிதறும். வதந்தி சாய்க்கும்.

படிப்பு இருந்தால் வதந்தி அண்டாது என்று நினைக்காதீர்கள். 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்த நாள். தில்லியில்தான் கிளம்பியது. அன்று முழுக்க இந்த ஊரில் பால் கிடைப்பது பெரும்பாடு. கோயில் வரிசையில் கையில் எவர்சில்வர் செம்போடு நின்றவர்களில் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். திரவத்தின் பரப்பு இழுவிசையை அவர் வாரம் ஒரு முறை கரும்பலகையில் வரைபவர். அரசின் அறிவியல் துறையினர் பாலில் நிறம் கலந்து ஊட்டி, அது சிலையின் மேல் வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். மறுநாள் அவரிடம் கேட்டேன். "வீட்டில் எல்லோரும் கிளம்பினார்கள். நான் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது?" என்றார். நேர்மையான பதில். உங்கள் அண்ணனின் கைதட்டலும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும். அவருக்குப் புகை பிடிக்கும் என்பதல்ல; 31 பேருக்கு எதிரே நிற்பது பிடிக்காது.

இரண்டாவது விஷயம்தான் ஜனநாயகத்தை அரிக்கிறது. தெரிந்துகொள்ள முயல்கிறவரைப் பார்த்தாலே ஏளனம், விசாரிப்பவர் எல்லாம் பகையாளி என்ற எண்ணம். உங்கள் மகனின் 'அறிவாளி' அந்த ரகம். எந்தத் தமிழ் வீட்டிலும் ஒரு காலத்தில் பாராட்டாக இருந்த சொல். மேதாவி, அறிவுஜீவி என்பவையும் வசவாகிவிட்டன. ஒரு சமூகத்தில் அறிவைக் குறிக்கும் சொற்கள் ஒவ்வொன்றாக வசவாக மாறினால், கேள்வி கேட்க எழுந்தவர் உட்கார்ந்துவிடுவார். அதனால் ஆதாயம் அடைபவர், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர். அவர் எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. இந்த வசதியை எல்லோரும் விரும்புவார்கள்.

அதன் விலை உடனே தெரியாது. இந்தியாவில் 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தவறாமல் நடந்தது. 2021-இல் நடக்கவேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. கொரோனா போன பிறகும் தள்ளிப்போய், கடைசியில் 2027 என்று அறிவித்தார்கள். இதற்காகத் தெருவில் யாராவது கோபப்பட்டுப் பார்த்தீர்களா? எண்ணுவது புள்ளிவிவரக்காரர் வேலை, நமக்கென்ன என்று இருந்தோம். 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எத்தனை பேருக்கு ரேஷன் என்பது மக்கள்தொகையை வைத்துத்தான் தீர்மானமாகிறது. கையில் இருந்த எண்ணிக்கையோ 2011-ஐச் சேர்ந்தது. அதற்குப் பிறகு தில்லிக்குப் பிழைக்க வந்தவர்களும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் அந்தக் கணக்கில் எங்கே இருப்பார்கள்? அந்தக் குடும்பங்களில் யாருக்கும் 'தரவு' என்ற சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது இல்லாததன் பலன் அவர்கள் தட்டில் தெரியும்.

இந்த ஏளனம் தானாக முளைப்பதில்லை. தூண்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள், அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நம் பங்கு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுத ஆளில்லை. படித்தவன் என்றால் சாதாரண ஆளுக்கு யார்? புரியாத மொழியில் வாதாடிப் பணம் வாங்கும் வக்கீல், கேள்வி கேட்டால் நிமிர்ந்து பார்க்காத டாக்டர், 'நாளைக்கு வா' என்கிற அதிகாரி. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்? படிப்பைத் தன் மேல் ஏவப்பட்ட ஆயுதமாக மட்டுமே பார்த்தவர், வாய்ப்புக் கிடைக்கும்போது படித்தவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வார்.

இனி, அந்த உரையாடல்.

உங்கள் முதல் செய்தி பதினேழு வரி. காற்றில் மிதக்கும் நுண்துகள்களான பி.எம். 2.5, பி.எம். 10, டையாக்ஸின் என்ற நச்சு, 24 மணி நேரச் சராசரி, ஒரு படம், இரண்டு இணைப்புகள். சரியான தகவல்கள், நீங்கள் ஆசிரியை, தப்பாக எழுத மாட்டீர்கள். ஆறு நிமிடம் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம், குழுவில் எல்லோரும் 'ஆர்.எம்.எஸ். மாமா' என்று அழைக்கும் பெரியவர் எழுதுகிறார்: "அம்மா, ஒரு சந்தேகம். பி.எம். என்றால் நமக்குப் பிரதமர்தான் தெரியும். பி.எம். 2.5 என்றால் யார், இரண்டரைப் பிரதமரா?"

என் விரல் நின்ற இடம் இது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இது தில்லிக்காரனின் நகைச்சுவை, அதுவும் நல்ல நகைச்சுவை. அதைவிட முக்கியம், அது ஒரு கேள்வி. பதினேழு வரியையும் படித்துவிட்டு, புரியாத இடத்தில் கையைத் தூக்கிய ஒரே ஆள் அவர்தான். உங்கள் வகுப்பில் ஒரு பையன் இப்படிக் கேட்டிருந்தால் நீங்களும் சிரித்துவிட்டு விளக்கியிருப்பீர்கள். இங்கே என்ன எழுதினீர்கள்? "கூகுளில் பாருங்கள். இதுகூடத் தெரியாதவர்களோடு ஒரே கட்டடத்தில் இருக்கவேண்டியிருக்கிறது."

'படித்த திமிர்' என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது, வேறொருவரிடமிருந்து. நேரத்தைப் பாருங்கள், இரண்டு நிமிடம் கழித்து. 'பண்டிகைக்கு எதிரி' அதற்கும் பிறகு. அதுவரை பேச்சு புகையைப் பற்றி இருந்தது. அந்த வரிக்குப் பிறகு உங்களைப் பற்றி ஆகிவிட்டது. 31 கைகளில் பாதியாவது உங்களுக்கு எதிராகத் தூக்கப்பட்டவை, நெருப்புக்கு ஆதரவாக அல்ல. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆசிரியர் அறையில் தேநீரோடு நான் சொன்னதைவிட நீங்கள் எழுதியது மோசமில்லை. எனக்கு அதிருஷ்டம், வாட்ஸ்அப் இல்லாத காலம்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒருவர் கேட்கிறார்: "பின்பக்க பிளாக்கில் பஞ்சாபிக்காரர்கள் லோஹ்ரிக்குக் கட்டை அடுக்கி எரிக்கிறார்கள். அவர்களிடம் சொன்னீர்களா? நாம் எரித்தால் மட்டும் மாசா?" இதை நீங்கள் அறியாமையின் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு குடிமகனின் மிக நியாயமான கேள்வியாகத் தெரிகிறது: சட்டம் எல்லோருக்கும் ஒன்றா? லோஹ்ரியும் போகியும் அநேகமாக ஒரே நாளில், அல்லது அடுத்தடுத்த நாளில் வருகின்றன. அவரையும் அழைத்துக்கொண்டு இருவருமாகப் போய்ப் பின்பக்க பிளாக்கின் சங்கத்தாரிடம் பேசுங்கள். அங்கே அவர் உங்கள் பக்கம் நின்று பேசுவதைப் பார்ப்பீர்கள். 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதைக் காட்டினால் நெருப்பு ஒருவேளை நிற்கலாம், பேச்சு கட்டாயம் நின்றுவிடும்.

படிக்காதவர்களோடு உண்மையைத் தேட முடியுமா என்று கேட்பீர்கள். நாம் இன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று பெருமையாகச் சொல்லும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? ராஜஸ்தான் கிராமங்களில். பஞ்ச நிவாரண வேலைக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்காதவர்கள், பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பில் சேர்ந்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் கூட்டம் போட்டு, அரசாங்கத்தின் கூலிப் பட்டியலை எல்லோர் முன்னும் உரக்க வாசித்தார்கள். ஒவ்வொரு பெயராக. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி, முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கு. பட்டியலைப் படிக்கத் தெரியாதவர்கள்தான், கேட்ட உடனே பொய்யைப் பிடித்தார்கள். ஏனென்றால் அந்த ஆளை அவர்களுக்குத் தெரியும், அந்தக் கட்டடத்தின் வழியாகத் தினமும் நடப்பவர்கள். 1996-இல் பியாவர் நகரில் கணக்கைக் காட்டு என்று நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். அருணா ராய் போன்ற படித்தவர்கள் அதில் இருந்தார்கள். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டு வந்தவர் அவர். அங்கே படித்தவர்கள் செய்த வேலை, பூட்டிக் கிடந்த தாளை வெளியே கொண்டுவந்து வாசித்தது. தீர்ப்பை ஊர் சொன்னது.

உங்கள் கட்டடத்திலும் அப்படி ஏதாவது செய்ய முடியும். 2018 நவம்பரில் இங்கே சர் கங்காராம் மருத்துவமனையில் காற்று வடிகட்டிப் பொருளால் செய்த பெரிய நுரையீரல் ஒன்றை வெளியில் மாட்டி வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் கறுத்துப்போனது. ஆயிரம் வரைபடம் செய்யாததை அது செய்தது. உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ஈரமாக்கிய இரண்டு வெள்ளைப் பருத்தித் துண்டு. காவலாளி இரவில் இலைச்சருகு எரிக்கும் மூலைக்குப் பக்கத்தில் ஒன்று, மொட்டை மாடியில் ஒன்று. நான்கு நாள். துண்டை மாட்டுவதும் கழற்றுவதும் உங்கள் கையால் வேண்டாம், ஆர்.எம்.எஸ். மாமாவும் லோஹ்ரி கேட்டவரும் செய்யட்டும். இரண்டும் ஒரே நிறமாக வந்தால் அதையும் குழுவில் போடுங்கள். வேதியியல்படி துண்டில் படிவது வேறு, நுரையீரலுக்குள் போவது வேறு என்று எனக்கும் தெரியும். அந்த வித்தியாசத்தை அவர்கள் கேட்கும்போது சொல்லலாம்.

ஒரு போகி நெருப்பால் தில்லியின் காற்று கெட்டுவிடும் என்றும் சொல்லாதீர்கள். அது உண்மையில்லை, அவர்களுக்கும் தெரியும். சுற்றி நிற்கும் குழந்தைகள் ரெக்ஸின் புகையை மூச்சில் இழுப்பார்கள் என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள். ஒரு கிழிந்த பருத்தித் துணி, நாலு சுள்ளி எரிந்தால் சடங்கு முடிந்தது. மீதிச் சாமானைப் பழைய பொருள் வாங்கும் கபாடிக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.

மகனைப் பற்றி: பதினான்கு வயது. அவனுக்குப் புகையைப் பற்றி ஒரு கருத்தும் இருக்காது. கீழே விளையாடும் பையன்கள் முன்னால் அம்மாவால் வெட்கம். திட்டாதீர்கள், துண்டுகளைப் படம் எடுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். அண்ணனிடம் இதைப் பற்றி இப்போதைக்குப் பேசவே வேண்டாம். பொங்கலுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

குழுவிலிருந்து விலகலாமா என்றால், கூடாது. வேண்டாம் என்று கை தூக்கிய மற்ற மூவரை யோசித்துப் பாருங்கள். உங்கள் பெயர் இருப்பதால்தான் அவர்கள் தூக்கினார்கள்.

ஆர்.எம்.எஸ். மாமா வீட்டுக்கு நேரில் போங்கள். செய்தி அனுப்ப வேண்டாம். முதலில் அந்த வரிக்காக வருத்தம் தெரிவியுங்கள். அவர் ஆர்.எம்.எஸ். என்னும் ரயில் தபாலில் முப்பது வருடத்துக்கு மேல் கடிதம் பிரித்தவர் என்று நீங்களே வேறொரு செய்தியில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு பி.எம். 2.5-ஐ விளக்க இரண்டு நிமிடம் போதும். பெரிய பார்சல் தலைமைத் தபால் நிலையத்திலேயே நின்றுவிடும், ஆள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பி.எம். 10 அப்படி, மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பகுதி நின்றுவிடும். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான பி.எம். 2.5 இருக்கிறதே, அது போஸ்ட்கார்டு. சந்துக்குள் சந்து புகுந்து கடைசி வீட்டுக் கதவிடுக்கு வழியாக உள்ளே போய்விழும். உவமையில் எங்காவது தவறு இருந்தால் அவர் திருத்துவார்; எனக்குத் தெரிந்து தபாலைப் பற்றித் தவறாகச் சொல்ல ஆர்.எம்.எஸ்.காரர்கள் யாரையும் விட்டதில்லை. திருத்தினால் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். போகிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.